குறுஞ்செய்தி மோசடி: மேலே தெரியும் பெயரை நம்பலாமா?

2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்கள் பலருக்கு வங்கியின் பெயரில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. கணக்கில் சிக்கல் இருக்கிறது, இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்யுங்கள் என்றன அவை. வங்கி அதற்கு முன்பு அனுப்பியிருந்த உண்மையான செய்திகளுக்கு நேர்கீழே, அதே வரிசையிலேயே அவை வந்து சேர்ந்தன. 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) இழந்தார்கள். அவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. கைப்பேசி காட்டிய பெயரைத்தான் அவர்கள் நம்பினார்கள். அந்தப் பெயர்தான் பொய்.

2024இல் சிங்கப்பூரில் எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்து மக்கள் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். குறுஞ்செய்தி அதில் ஒரு வாசல்தான். ஆனால் வயதானவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்று யார் கைப்பேசியிலும் எளிதில் நுழைந்துவிடும் வாசல் அது. அது எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தடுப்பது அவ்வளவு கடினமில்லை.

அனுப்பியவர் பெயர் எங்கிருந்து வருகிறது?

நண்பர் அனுப்பும் குறுஞ்செய்தி அவருடைய எண்ணிலிருந்து வருகிறது. வங்கியோ கடையோ ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பும்போது எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைப் போடலாம். அதிகபட்சம் 11 எழுத்துகள். அந்தப் பெயரை அனுப்புகிறவரே தட்டச்சு செய்கிறார். கடித உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதைப்போல. உங்கள் கைப்பேசி அந்தப் பெயரைச் சரிபார்ப்பதில்லை. ஒரே பெயரில் வரும் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறது. ஓசிபிசி விவகாரத்தில் பொய்ச் செய்தி மெய்ச் செய்திக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தது இப்படித்தான். யாரும் வங்கிக்குள் ஊடுருவ வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

அந்த ஓட்டையை அடைக்கப் பிறகு சில ஏற்பாடுகள் வந்தன. வங்கிகள் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அழுத்தக்கூடிய இணைப்புகள் வைப்பதை 2022இல் நிறுத்தின. 2023 ஜனவரி 31 முதல், பெயர் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் பதிவுசெய்தே தீரவேண்டும். பதிவுசெய்யாத பெயரில் வரும் செய்தியின் தலைப்பு ‘லைக்லி-ஸ்கேம்’, அதாவது ‘மோசடியாக இருக்கலாம்’, என்று மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் அனுப்புகின்றன. செய்தியின் உள்ளே எந்த அமைப்பு என்பது முழுப்பெயரில் இருக்கும், இது சிங்கப்பூர் அரசாங்கம் அனுப்பும் தானியங்கிச் செய்தி என்ற வரியும் இருக்கும்.

‘லைக்லி-ஸ்கேம்’ பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பதிவேடு சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கானது. ஆகவே ஊரில் இருக்கும் உங்கள் வங்கி சிங்கப்பூர் எண்ணுக்கு அனுப்பும் உண்மையான ஓடிபிகூட (ஒருமுறை மட்டுமே பயன்படும் கடவு எண்) அந்தத் தலைப்பின்கீழ் வந்து விழலாம். நீங்களே அந்த நிமிடம் கேட்டு வரவழைத்த ஓடிபி என்றால் பயன்படுத்துங்கள். கேட்காமல் வந்தது எதுவானாலும் தொடவேண்டாம்.

பதிவேடு காக்காத இடங்கள்

இரண்டு இடங்களில் இந்தப் பாதுகாப்பு எட்டாது. பலர் ஏமாறுவது அங்கேதான்.

முதலாவது, சாதாரணக் கைப்பேசி எண்கள். பதிவேடு பெயர்களுக்கு மட்டுமே. 8இலோ 9இலோ தொடங்கும் உள்ளூர் எண்ணிலிருந்து, “உங்கள் பொட்டலம் தேங்கிக் கிடக்கிறது, 1 வெள்ளி 20 காசு செலுத்துங்கள்” என்று வந்தால் எந்தத் தலைப்பும் எச்சரிக்காது. உள்ளூர் எண் என்பதாலேயே சந்தேகமும் வராது.

இரண்டாவது, ஐமெசேஜும் ஆர்சிஎஸ்ஸும். ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் குறுஞ்செய்தி வந்து சேரும் அதே செயலிக்குள் இவையும் வருகின்றன. ஆனால் இவை தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்திப் பாதையில் வருவதில்லை. இணையம் வழியாக வருகின்றன. பதிவேடும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வடிகட்டிகளும் அங்கே வேலை செய்யாது. இதைப் பயன்படுத்திச் சிலர் அரசாங்கப் பெயரிலேயே செய்தி அனுப்ப, 2025 நவம்பரில் ஆப்பிளும் கூகுளும் இத்தகைய ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வேண்டுமென்று சிங்கப்பூர் அரசாங்கம் உத்தரவிட்டது. நீங்களும் கண்டுபிடிக்கலாம். பதில் எழுதும் பெட்டியைப் பாருங்கள். ஐமெசேஜ் அல்லது ஆர்சிஎஸ் என்று மங்கலாகத் தெரியும். வங்கி, மனிதவள அமைச்சு, போக்குவரத்து அபராதம் என்று சொல்லிக்கொண்டு ஒரு மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வெளிநாட்டு எண்ணிலிருந்தோ அப்படி ஒரு செய்தி வந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே தேவையில்லை. அழித்துவிடுவதற்குமுன் படம் பிடித்துப் புகார் செய்யுங்கள், போதும்.

ஐஃபோனில் இன்னொரு தந்திரமும் நடக்கிறது. தெரியாத ஒருவரிடமிருந்து ஐமெசேஜில் வரும் இணைப்பு அழுத்தினாலும் திறக்காதபடி ஆப்பிள் வைத்திருக்கிறது. நீங்கள் பதில் அனுப்பிவிட்டால் அந்தப் பூட்டு விலகிவிடும். அதனால்தான், “ஒய் என்று பதில் அனுப்பி, செய்தியை மூடித் திறங்கள், அப்போது இணைப்பு வேலை செய்யும்” என்று எழுதுகிறார்கள். இந்த ஒரு வரி கண்ணில் பட்டாலே அது மோசடிதான்.

உண்மையா பொய்யா என்று ஆராயாதீர்கள்

எழுத்துப்பிழை இருக்கிறதா, ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்யச் சொல்லும் பழைய அறிவுரை இன்று பயன்படாது. இப்போது வரும் பொய்ச் செய்திகள் பிழையில்லாமல், சில நேரம் உண்மையான செய்தியைவிடத் தெளிவாகவே இருக்கின்றன. அவசரம், பயம், ஆசை மூன்றில் ஏதாவது ஒன்று மனத்தில் ஓடும்போது யாருடைய கண்ணும் தவறும்.

அதைவிடப் பலனுள்ள பழக்கம் ஒன்று உண்டு. செய்தி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும்; அது காட்டும் வழியில் மட்டும் போகாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் போய்ப் பாருங்கள். வங்கி என்றால், முன்பே கைப்பேசியில் இருக்கும் வங்கிச் செயலியைத் திறங்கள், அல்லது அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். இணையத்தில் வங்கியின் எண்ணைத் தேடாதீர்கள்; தேடல் பக்கத்தின் விளம்பரங்களில் போலி எண்கள் தலைகாட்டியிருக்கின்றன. பொட்டலம் என்றால், வாங்கிய கடையின் செயலியில் ஆர்டரைப் பாருங்கள். சாலைக் கட்டணம், அபராதம் என்றால் ஒன்மோட்டரிங் தளத்துக்கு நீங்களே போங்கள். ஒர்க் பெர்மிட் ரத்தாகிவிட்டது என்று வந்தால், எஸ்ஜிஒர்க்பாஸ் செயலியில் அட்டையை ஸ்கேன் செய்தால் ஒரு நிமிடத்தில் நிலை தெரிந்துவிடும். அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு என்றால் அதன் தளத்துக்கு நேரடியாகப் போய், அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகப் பெறலாம். உண்மையான சிக்கல் இருந்தால் அங்கேயும் தெரியும். தெரியவில்லை என்றால் சிக்கலே இல்லை.

இந்தப் பழக்கத்தின் அருமை என்னவென்றால், நீங்கள் ஒவ்வொரு முறையும் சரியாகக் கணிக்க வேண்டியதில்லை. பொய்யை உண்மை என்று நினைத்தாலும் பணம் போகாது.

இணைப்பைப் படிக்கவேண்டி வந்தால்

வங்கிகள் இணைப்பு அனுப்புவதில்லை என்றாலும் அரசாங்கச் செய்திகளில் சில நேரம் இணைப்பு இருக்கும். ஆகவே முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். சாய்கோட்டை ஒட்டினாற்போல் இருக்கும் கடைசித் துண்டுகள்தான் தளத்தின் உண்மையான உரிமையாளர். ‘சிங்பாஸ்.கவ்.எஸ்ஜி’ என்று முடிந்தால் அது அரசாங்கம். ‘சிங்பாஸ்.கவ்.எஸ்ஜி.லாகின்-செக்.டாப்’ என்று முடிந்தால் உரிமையாளர் ‘லாகின்-செக்.டாப்’, முன்னால் இருப்பதெல்லாம் கண்கட்டு. ‘சிங்பாஸ்-கவ்-எஸ்ஜி.காம்’ என்பதும் போலிதான், புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் சிறுகோடு இருக்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்து எல்லுக்குப் பதில் எண் 1, ஓவுக்குப் பதில் பூச்சியம் என்று மாற்றுவதும் வழக்கம். சிறிய திரையில் முகவரியின் பின்பகுதி மறைந்துவிடும். அழுத்தாமல் விரலை வைத்துப் பிடித்தால் முழுவதும் தெரியும்.

பூட்டுப் படத்தையோ ‘எச்டிடிபிஎஸ்’ என்ற எழுத்துகளையோ நம்பவேண்டாம். இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்வதில்லை.

அழுத்திய பிறகு என்ன நடக்கிறது

இணைப்பை அழுத்திய உடனே பணம் பறந்துவிடுவதில்லை. இது தெரியாததால் சிலர் பதறிப்போய் அடுத்த தவறைச் செய்கிறார்கள். பொய்ப் பக்கம் உங்களிடம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். நீங்கள் தட்டச்சு செய்யும் அதே நேரத்தில் மோசடிக்காரர் வங்கியின் உண்மையான தளத்தில் அவற்றைப் போடுகிறார். வங்கி உங்களுக்கு ஓடிபி அனுப்புகிறது. பொய்ப் பக்கம் அதையும் கேட்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் அவர் தன்னுடைய கைப்பேசியில் உங்கள் கணக்குக்கான டிஜிட்டல் டோக்கனை, அதாவது பரிமாற்றங்களை உறுதிசெய்யும் மின்னிலக்கச் சாவியை, பதிவுசெய்துகொள்கிறார். இனி அவருக்கு நீங்கள் தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு தடுப்பு இருக்கிறது. புதிய கைப்பேசியில் டோக்கன் பதிவானால் 12 மணி நேரத்துக்கு, புதிய பெறுநரைச் சேர்ப்பது, பரிமாற்ற உச்சவரம்பை உயர்த்துவது போன்ற ஆபத்தான வேலைகளைச் செய்ய முடியாது. டோக்கன் பதிவானதை வங்கி உடனே உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். “புதிய சாதனத்தில் டோக்கன் பதிவாகியுள்ளது” என்ற செய்தியை நீங்கள் செய்யாமலே பெற்றால், அந்த 12 மணி நேரம்தான் உங்கள் கையில் இருப்பது. இரவு பதினொரு மணிக்கு வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கடன் அட்டை, பற்று அட்டை விவரங்களைக் கேட்கும் மோசடிக்கு இந்த 12 மணி நேரம் பொருந்தாது. பொட்டலத்துக்கு 1 வெள்ளி 20 காசு என்று சொல்லி அட்டை எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கங்களையும் வாங்குவார்கள். பிறகு ஓடிபி வரும். அந்தச் செய்தியை முழுவதும் படியுங்கள். எவ்வளவு தொகை, எந்தக் கடை என்று அதிலேயே இருக்கும். சில நேரம் அது கட்டணத்துக்கே இராது. உங்கள் அட்டையை ஒரு மொபைல் வாலட்டில் சேர்க்கும் அனுமதியாக இருக்கும். அதைக் கொடுத்தால் மோசடிக்காரரின் கைப்பேசி உங்கள் அட்டையாகவே மாறிவிடும், அவர் எந்தக் கடையிலும் தட்டிப் பணம் செலுத்தலாம். ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே உள்ள வரியைப் படிக்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

சிங்பாஸுக்கும் இதே கவனம் வேண்டும். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் சிங்பாஸ் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவே வேண்டாம். சேவையின் தளத்தில் நீங்களே ஸ்கேன் செய்யும்போதும், அனுமதி தருவதற்குமுன் செயலி காட்டும் தளத்தின் பெயரைப் படியுங்கள்.

இணைப்பே இல்லாத செய்திகள்

வங்கிகள் இணைப்பை நிறுத்தியதும் மோசடிக்காரர்களும் மாறிக்கொண்டார்கள். “உங்கள் கணக்கிலிருந்து 4,980 வெள்ளி செலுத்தப்படுகிறது. நீங்கள் செய்யவில்லை என்றால் இந்த எண்ணை அழையுங்கள்.” அழைத்தால் பணிவாகப் பேசும் ‘வங்கி அதிகாரி’ எடுப்பார். சற்று நேரத்தில் அழைப்பைக் ‘காவல்துறை’க்கோ ‘நாணய ஆணையத்து’க்கோ மாற்றிவிடுவார். இது ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள்: அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லமாட்டார்கள், வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள், அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து செயலி இறக்கச் சொல்லமாட்டார்கள், அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றவும் மாட்டார்கள்.

செயலி இறக்கச் சொல்வது எல்லாவற்றிலும் மோசமானது. ஆண்ட்ராய்டில் ‘ஏபிகே’ என்ற செயலிக் கோப்பை நிறுவி, அது கேட்கும் அணுகல்தன்மை அனுமதியைக் கொடுத்துவிட்டால், திரையில் நீங்கள் தொடுவதையெல்லாம் அவர்கள் பார்க்கலாம், ஓடிபியைத் தாங்களே படிக்கலாம், நீங்கள் தூங்கும்போது உங்கள் கைப்பேசியிலிருந்தே பணத்தை அனுப்பலாம். 2024 பிப்ரவரி முதல் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் சிங்கப்பூரில் இத்தகைய கோப்புகள் பலவற்றைத் தடுக்கிறது. “முதலில் பிளே புரொடெக்டை அணைத்துவிடுங்கள்” என்று யாராவது வழிகாட்டினால் அவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இன்றே செய்துவைக்க

அரை மணி நேர வேலைதான். அரசாங்கத்தின் மோசடித் தடுப்புச் செயலியான ஸ்கேம்ஷீல்டை ஆப் ஸ்டோரிலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ இறக்குங்கள். இறக்கினால் மட்டும் போதாது, பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். ஐஃபோனில் அமைப்புகளுக்குப் போய் தொலைபேசி அழைப்புத் தடுப்பிலும், மெசேஜஸ் பிரிவின் குறுஞ்செய்தி வடிகட்டியிலும் ஸ்கேம்ஷீல்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அது கேட்கும் அனுமதிகளைக் கொடுக்க வேண்டும். சந்தேகமான செய்தி, எண், இணைப்பு எதையும் அந்தச் செயலியிலேயே போட்டுச் சோதிக்கலாம். பேசிக் கேட்க விரும்பினால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம்.

பிறகு வங்கிச் செயலியைத் திறந்து, பணம் வெளியேறும்போது அறிவிக்கும் தொகையை வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். நாளொன்றுக்கான பரிமாற்ற வரம்பையும் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் தொகைக்குக் குறையுங்கள். மாதம் 800 வெள்ளி ஊருக்கு அனுப்புகிறவருக்கு 5,000 வெள்ளி வரம்பு எதற்கு?

இவற்றையெல்லாம்விடப் பலமானது பணப்பூட்டு. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்று வங்கிகளும் 2023 நவம்பரில் இதைக் கொண்டுவந்தன. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாராலும் நகர்த்த முடியாது, கடவுச்சொல் தெரிந்தவராலும் முடியாது. திறக்கக் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ போகவேண்டும். அந்த அலைச்சல்தான் பாதுகாப்பு. இரண்டு மாதச் செலவுக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியைப் பூட்டிவிடலாம். வீட்டில் தாத்தா பாட்டியின் சேமிப்பு இருந்தால் முதலில் அதைப் பூட்டுங்கள்.

வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தருகின்றன. ஊரிலிருந்து அம்மா சாதாரண அழைப்பில் பேசுபவர் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது. அப்படியானால் ஒன்றை மட்டும் பாருங்கள்: வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். கூட்டல் குறியோடு வந்து உள்ளூர் வங்கி என்று சொன்னால் வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டால்

முதலில் வங்கி. வங்கிச் செயலியிலோ அவசர எண்ணிலோ ‘கில் சுவிட்ச்’ இருக்கும். அதை இயக்கினால் கணக்கு முழுவதும் முடங்கும். உங்களாலும் பணம் எடுக்க முடியாமல் போகலாம், திரும்பத் திறக்க வங்கியை நாடவேண்டும். அந்தத் தொல்லைக்குத் தயங்கவேண்டாம். ஏபிகே நிறுவியிருந்தால் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொருவரின் கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். சிங்பாஸ் விவரம் கொடுத்திருந்தால் வேறு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, 6335 3533 என்ற சிங்பாஸ் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அடுத்து காவல்துறை: 1800-255-0000, அல்லது இணையத்தில், அல்லது அருகிலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். எண், நேரம், இணைப்பு எல்லாம் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

வீட்டில் ஒருவர் இன்னும் மோசடிக்காரரை நம்பிக்கொண்டு பணம் அனுப்பப் போகிறார், சொன்னால் கேட்கவில்லை என்றால், குடும்பத்தினர் காவல்துறையை அணுகலாம். 2025 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த மோசடித் தடுப்புச் சட்டம், தேவைப்பட்டால் அவருடைய வங்கிப் பரிமாற்றங்களை 30 நாள்வரை கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா? 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு இதற்கு ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. வங்கி தன் கடமையில் தவறியிருந்தால், உதாரணமாக அந்த 12 மணி நேரத் தடுப்பு வேலை செய்யவில்லை, அறிவிப்பு வரவில்லை என்றால், இழப்பு வங்கியுடையது. வங்கி சரியாக நடந்து, தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் அது அவர்களுடையது. இருவரும் தவறவில்லை என்றால் இழப்பு உங்களுடையதே. போலி இணைப்பில் விவரம் கொடுத்து ஏமாந்தவர்களுக்குத்தான் இது. நீங்களே பேநவ் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பிய பணத்துக்கும், ஏபிகே நிறுவியதால் போன பணத்துக்கும் இது பொருந்தாது. அதனால்தான் அறிவிப்புச் செய்திகளை அணைத்துவைக்கக் கூடாது. எந்த அறிவிப்பு எப்போது வந்தது என்பதுதான் பிறகு உங்கள் ஆதாரம்.

புகார் கொடுத்த சில நாள்களில் இன்னொரு செய்தி வரக்கூடும்: “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 300 வெள்ளி.” ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன. காவல்துறையும் வங்கியும் பணத்தை மீட்கக் கட்டணம் கேட்பதில்லை.

தங்குவிடுதிகளில் இருக்கும் தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. “உன் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கிக் கொடு, நூறு வெள்ளி தருகிறேன்”, “உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். மேலே சொன்ன உள்ளூர் எண்களும் பணம் போய்ச் சேரும் கணக்குகளும் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகின்றன. சிம் கார்டை இப்படிக் கைமாற்றுவது 2025 ஜனவரி 1 முதல் தனிக் குற்றம். வங்கிக் கணக்கையும் சிங்பாஸையும் கொடுப்பதும் குற்றம். அந்த எண்ணிலிருந்து போன செய்திக்குக் காவல்துறை முதலில் தேடிவருவது சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்லி அந்த எண்ணை ரத்துசெய்து, 1799ஐ அழைத்து அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள்.